தொடக்கப் பள்ளியில் குழந்தை உரிமை: உறுதிமொழி வாசித்தாயிற்று, அப்புறம் என்ன செய்வது?

வேப்பமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன், வேலைக்கு வந்து இது மூன்றாவது வருடம். ஈராசிரியர் பள்ளி, மொத்தம் 41 பிள்ளைகள். ஒன்று முதல் மூன்று வரை எச்.எம். பார்க்கிறார், நான்கும் ஐந்தும் என்னிடம்.

நவம்பர் 20 குழந்தைகள் உரிமை நாள் என்று ப்ரேயரில் உறுதிமொழி வாசித்தோம், சார்ட் ஒட்டினோம், போட்டோ எடுத்துக் குழுவில் போட்டோம். அன்றைக்கு எச்.எம். மீட்டிங்குக்குப் போய்விட்டதால் ஐந்து வகுப்பையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணி இருக்கும், இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இன்டர்வெல்லுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானே, போய் உட்காரு" என்றேன். இன்னொரு தடவை வந்தாள். அதே பதில்தான் சொன்னேன். அப்புறம் வரவில்லை. மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடிய பிறகும் அவள் மட்டும் எழுந்திருக்காமல் புத்தகப் பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையை வாங்கிப் பார்த்தால் சீருடை முழுக்க நனைந்திருக்கிறது. அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் காலையில் நான் ஒட்டிய சார்ட், 'என் கருத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு' என்று என் கையெழுத்தில்.

அந்தப் பிள்ளை கேட்டது. இரண்டு தடவை கேட்டது. நான்தான் காதில் வாங்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த வருடமாவது குழந்தைகள் உரிமை என்பதை ஒரு நாள் நிகழ்ச்சியாக இல்லாமல் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எச்.எம். கெட்டவர் இல்லை, பிள்ளைகள் மேல் பாசமாகத்தான் இருப்பார், ஆனால் மேசை ஓரத்தில் ஒரு வேப்பங்குச்சி எப்போதும் இருக்கும். "உரிமை உரிமைன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா நாளைக்கு நம்மளையே எதிர்த்துப் பேசும் டீச்சர், அப்புறம் நீங்கதான் அழுவீங்க" என்கிறார். பெற்றோர் அதற்கும் மேல். சேர்க்கைக்கு வரும்போதே "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர், நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நான் அடிப்பதில்லை. அதனால் என் வகுப்பில்தான் சத்தம் அதிகம் என்று ஒரு பெயரும் இருக்கிறது.

ஆறு வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் இதை எப்படிச் சொல்வது? முதலில் எதைச் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


சாக்பீஸ் தூள் எழுதியது:

அம்மா, 33 வருடம் வாத்தியார் வேலை பார்த்து, அதில் 14 வருடம் எச்.எம். ஆக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை எதைக் கேட்டதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். சார்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். வகுப்பு வாசலில் இரண்டு ஆணி அடித்து, நூல் கோத்த அட்டை இரண்டு மாட்டினேன், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. ஒண்ணுக்கு வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டியது, வந்து ஆணியில் மாட்ட வேண்டியது. அட்டை ஆணியில் இல்லையென்றால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் பொறுக்க வேண்டும், நிஜமாகவே அவசரம் என்றால் அட்டை இல்லாமலும் ஓடலாம். முதல் வாரம் கழுத்தில் அட்டை போட்டுக்கொள்ளும் ஆசையிலேயே பாதி வகுப்பு போய் வந்தது. உடன் வேலை பார்த்தவர்கள் "பார்த்தீங்களா சார்" என்றார்கள். பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அட்டை பாட்டுக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, தேவைப்பட்டவர்கள் மட்டும்தான் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மட்டும் அட்டையைத் தொடவே இல்லை. காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள், குடித்தால்தானே போக வேண்டும். சத்துணவு ஆயாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, பையன்கள் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று இருக்கிறது, என் பள்ளியிலும் தனித்தனியாகத்தான் இருந்தது, எல்லாப் படிவத்திலும் 'உண்டு' என்று நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். தாழ்ப்பாள் உண்டா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை, நானும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. அன்று மத்தியானமே டவுனுக்குப் போய் வாங்கி வந்து நானே திருகினேன்.

அடுத்தது, கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதும் பழக்கம். இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நாமெல்லாம் படித்த காலத்திலிருந்து இருக்கிறது. வாத்தியார் வெளியே போனால் லீடர் சாக்பீஸோடு எழுந்து நிற்பான், பேசினால் பெயர், இன்னொரு தடவை பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி. ஒரு மாதம் அந்தப் பெயர்களை ஒரு தாளில் குறித்து வந்தேன். தினமும் அதே நான்கைந்து பெயர்தான். ஒரு பையன் லீடருக்குக் கொய்யாக்காய் கொண்டுவந்து கொடுத்துப் பெயரை அழிக்க வைத்திருக்கிறான். கொய்யாக்காய் இல்லாதவன் பெயர் அப்படியே இருக்கிறது. ஒன்பது வயதில் நாம் இதைத்தான் பழக்குகிறோம். அன்றோடு நிறுத்தினேன். லீடர் என்ற பதவியையே எடுத்துவிட்டு, தண்ணீர் பார்க்கிறவர், நூலகப் புத்தகம் பார்க்கிறவர், விளையாட்டுச் சாமான் பார்க்கிறவர் என்று பிரித்து, வாரம் ஒருமுறை எல்லோருக்கும் மாறி வருகிற மாதிரி வைத்தேன். எழுதப் படிக்கத் திணறுகிற பிள்ளை பந்துக்குக் காற்றடிக்கிற பொறுப்பில் எவ்வளவு கச்சிதமாக இருந்தது தெரியுமா!

மூன்றாவது, வெள்ளிக்கிழமை கூட்டம். கடைசிப் பாடவேளையில் மரத்தடியில் வட்டமாக உட்காருவோம், நானும் தரையில்தான். ஒரு நோட்டு. இடப்பக்கம் பிள்ளைகள் சொன்னது, வலப்பக்கம் பதில். அடுத்த வெள்ளிக்குள் வலப்பக்கம் எழுதியே ஆக வேண்டும். 'செய்தாகிவிட்டது' என்றோ, 'முடியாது, காரணம் இது' என்றோ, ஏதாவது ஒன்று. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் பதில் வரும் என்றுதான் சொன்னேன். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். 1989இல் வந்த உடன்படிக்கை, இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. நான் அதைப் படித்தது என்னவோ 2010க்கு அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பில்தான்.

நோட்டில் என்னென்ன வந்தது என்கிறீர்களா? பந்தில் காற்று இல்லை. கடைசி வரிசைக்கு மட்டும் உடைந்த முட்டை வருகிறது. பெரிய பிள்ளைகள் ஊஞ்சலை விடுவதில்லை. இப்படித்தான் முதலில் வந்தது. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து தலையைக் குனிந்துகொண்டே, "என் பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க சார்" என்றான். யாரைச் சொல்கிறான் என்று கேட்டேன். "நீங்கதான் சார்" என்றான். நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர், செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதைக் கேட்டு வகுப்பே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. அவ்வளவு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, அவன் அதற்குப் பிறகு என்னிடம் வந்து பேச ஆரம்பித்தான்.

போலந்தில் யானுஸ் கோர்ச்சாக் என்று ஒரு டாக்டர், வார்சாவில் 1912இலிருந்து யூதப் பிள்ளைகளுக்கு ஓர் அனாதை இல்லம் நடத்தியவர். அங்கே பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது, பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம், அவரே அதன் முன்னால் போய் நின்றிருக்கிறார். 1942இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோனபோது விட்டுப் பிரியாமல் கூடவே போய் இறந்தவர். இப்படி ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் ஐ.நா.வில் முதலில் முன்மொழிந்த நாடும் போலந்துதான். அந்தப் பையன் "நீங்கதான் சார்" என்ற அன்று எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது.

உங்கள் எச்.எம்.மிடம் சட்டம் பேசிச் சண்டைக்குப் போகாதீர்கள். தாழ்ப்பாளிலிருந்து போங்கள், அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.


ஓரறைப் பள்ளி எழுதியது:

சார் சொன்னதெல்லாம் மனசுக்கு நன்றாக இருக்கிறது. என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற நிறையப் பேர் என்னை மாதிரிதான் இருப்பார்கள்.

மூன்று வகுப்பும் ஒரே அறையில். எமிஸில், அதுதான் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில், வருகைப்பதிவு போட வேண்டும், ஆன்லைன் தேர்வு ஏற்ற வேண்டும், நெட் கிடைக்காமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பேன். ஆறு வருடத்துக்கு முன்னால் குச்சியைத் தூக்கிப் போட்டேன், யாரும் சொல்லிப் போடவில்லை, என் மகளை அவள் டீச்சர் அடித்து விரல் வீங்கி வந்ததைப் பார்த்துப் போட்டேன். ஆனால் குச்சியைக் கீழே வை என்று சொல்கிறவர்கள் அதற்குப் பதிலாகக் கையில் என்ன வைத்துக்கொள்வது என்று சொல்லித் தருவதில்லை. அதுதான் என் வருத்தம். என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், இரண்டாம் வகுப்பு, பக்கத்துப் பிள்ளையைக் கடித்து வைக்கிறான். ரத்தம் வருகிற மாதிரி. கடிபட்ட பிள்ளைக்கும் உரிமை இருக்கிறதே? அதன் அம்மா கேட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார். வட்டமாக உட்கார்ந்து பேசினால் இது தீருமா? "அடியாத மாடு படியாது" என்று எச்.எம். சொல்லும்போது எனக்கு வாயில் பதில் வருவதில்லை, பிள்ளை மாடில்லை என்பதற்கு மேல்.

குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி கேட்கிறேன்.


சாக்பீஸ் தூள் எழுதியது:

நியாயமான கேள்வி. உரிமை என்றால் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை, கடிபட்ட பிள்ளை பயமில்லாமல் உட்காருவதுதான் முதல் உரிமை. அந்தப் பையனை உங்களுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், தண்டனையாக இல்லாமல் உதவிக்கு என்று சொல்லி. எந்த நேரத்தில் கடிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். என்னிடம் இருந்த ஒருவன் காலை பதினொன்றரைக்குத்தான் அடிதடியில் இறங்குவான். விசாரித்தால் அம்மா விடியற்காலையில் பூப்பறிக்கப் போகிற ஆள், முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி. இன்றைக்குக் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. நான் வேலையில் இருந்தபோது அது இல்லை. தினமும் நான்கு பிஸ்கட் வாங்கி வைத்தேன், சண்டை பாதியாகக் குறைந்தது. உங்கள் பையனுக்குக் காரணம் வேறாக இருக்கலாம், காது கேட்காமல்கூட இருக்கலாம், பேச்சு வராத பிள்ளை கடிக்கும். ஒன்றியத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே அறையில் மூன்று வகுப்பு என்பதை எந்தக் கூட்டமும் தீர்க்காது, அதற்கு ஆள்தான் வேண்டும். அதைக் கேட்பதும் பிள்ளைகளின் உரிமையைக் கேட்பதுதான்.


தறி வீடு எழுதியது:

நான் டீச்சர் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி, விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். "தோலை உரிச்சிருங்க" என்று சொன்ன அம்மாக்களில் நானும் ஒருத்தி, அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதைச் சொல்லும்போது அடி விழ வேண்டும் என்ற ஆசையில் எந்தத் தாயும் சொல்வதில்லை. எங்களுக்குப் படிப்பு வரவில்லை, இது ஒன்றாவது தறிச் சத்தத்தை விட்டு வெளியே போகட்டும் என்ற பயத்தில் சொல்கிறோம். டீச்சர் அடித்தால் அக்கறையாகப் பார்க்கிறார், விட்டுவிட்டால் எப்படியோ போகட்டும் என்று தலைமுழுகிவிட்டார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். அதனால் எங்களிடம் வந்து சட்டத்தில் அடிக்கக் கூடாது என்று இருக்கிறது என்று மட்டும் சொன்னால் "சரி டீச்சர்" என்போம், வீட்டில் போய் நாங்கள் அடிப்போம். என்னை மாற்றியது வேறு. என் பையனின் டீச்சர் கூப்பிட்டு, ஜூனில் அவன் எழுதிய பக்கத்தையும் அக்டோபரில் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இதுக்கு நடுவுல ஒரு அடிகூட அடிக்கலைக்கா" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்னாலெல்லாம் பெயருக்குத்தான் இருந்தது, நோட்டு வீட்டுக்கு வரும், எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்போம். கூட்டம் வைப்பது மூன்று மணிக்கு, அந்த நேரத்தில் வந்தால் எங்களுக்குக் கூலி போச்சு. இப்போது நாங்கள் கேட்டு ஐந்தரைக்கு மாற்றியிருக்கிறோம். அந்தச் சார் சொன்ன நோட்டு மாதிரியே எங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது, கூட்டம் தொடங்கும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து அதை வாசிக்கும். முதல் தடவை வாசித்த பெண் நடுங்கிக்கொண்டே, "தண்ணித் தொட்டியில புழு இருக்கு, நாங்க ரெண்டு மாசமாச் சொல்றோம்" என்றது. ஊராட்சித் தலைவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தொட்டி கழுவியாயிற்று. நாங்கள் பெரியவர்கள் இருபது பேர் உட்கார்ந்து ஒரு வருடம் பேசியதைவிட அது ஒரு வரி பேசியது எடுபட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி கூட்டுவதும் கழிப்பறை கழுவுவதும் பிள்ளைகள் வேலை இல்லை. எங்கள் பக்கத்து ஊரில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்ற எப்போதும் ஒரே தெருவுப் பிள்ளைகளைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு வரிசையிலும் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒருநாள் போய்ச் சும்மா நின்று பாருங்கள் டீச்சர். பிள்ளைகள் சொல்லாது. அதுகளுக்கு அது பழகிப்போயிருக்கும். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.


கைவிளக்கு எழுதியது:

குழந்தைகள் பாதுகாப்பில் களப்பணி செய்கிறேன். நல்ல யோசனைகள் வந்திருக்கின்றன, சில விஷயங்களில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்கத் தொடங்கினால் பிள்ளைகள் சொல்லத் தொடங்கும். பந்து, முட்டை, ஊஞ்சல் என்று போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் ஒரு பிள்ளை, மாமா வீட்டில் நடந்தது என்று வேறு மாதிரி ஒன்றைச் சொல்லும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அது வட்டத்தில் எல்லோர் முன்னாலும் வந்தால் "இதை நாம தனியாப் பேசலாம், நீ சொன்னது நல்லது" என்று மென்மையாக நிறுத்திவிட்டுத் தனியாகக் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. பாலியல் குற்றம் என்று தெரிந்தாலோ நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ காவல் துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. 'பள்ளிக்கூடத்தின் பேர் கெடும், ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று சொல்கிறவர்கள் வருவார்கள். முடிக்கக் கூடாது. அந்தப் பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். எச்.எம். ஒருமுறை, வட்டாரக் கல்வி அலுவலர் ஒருமுறை, ஊர்ப் பெரியவர் ஒருமுறை என்று அதையே சொல்ல வைப்பது அடுத்த கொடுமை. அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும். சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் காவல் அதிகாரி, பிள்ளை இருக்கிற இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது என்பதையும் அதன் அம்மாவிடம் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பார்கள் என்ற பயத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு கணக்கு மாதிரித்தான் தெரியும். பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னோக்கி எண்ணச் சொல்லிக் கொடுங்கள், விளையாட்டாகவே மனதில் நிற்கும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417ஐயும் நான்கு, ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லி வைக்கலாம். பெட்டி வைப்பதாக இருந்தால் எழுதத் தெரியாத பிள்ளைகளுக்குப் படம் வரைந்து போட இடம் கொடுங்கள், பெட்டிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம், வந்ததைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்கவே வேண்டாம்.

அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003இலேயே, தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆவது விதியைத் திருத்தி இதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முட்டி போட வைப்பது, வெளியே நிறுத்துவது, அப்பன் தொழிலைச் சொல்லிக் கேலி செய்வது, இவையும் அதில் வரும். குச்சியை எடுத்துவிட்டு நாக்கால் அடிக்கிற ஆசிரியர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்தத் தழும்பை டாக்டரிடம் காட்டவும் முடியாது.


ஓரறைப் பள்ளி எழுதியது:

கடிக்கிற பையனைப் பற்றி. சிறப்பாசிரியர் வந்து பார்த்தார். இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. நான் எப்போதும் இடது பக்கம் நின்றுதான் பாடம் நடத்துவேன். சேர்ந்ததிலிருந்து அவனை "சொன்ன பேச்சுக் கேக்காதவன்" என்று எல்லோரும் சொல்லியிருக்கிறோம். இப்போது முன் வரிசையில் வலது காது என் பக்கம் இருக்கிற மாதிரி உட்காருகிறான். இந்த வாரம் ஒரு கடிதான். அடுத்த மாதம் அரசு மருத்துவமனை முகாமுக்கு அவன் அப்பாவோடு நானும் போகிறேன். சாக்பீஸ் சார், நன்றி.


வேப்பமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அட்டை மாட்டினேன். சார் சொன்ன மாதிரியே முதல் வாரம் ஒரே ஓட்டம், இப்போது அடங்கிவிட்டது. அந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் இரண்டு நாவல்பழ நிறக் கிரேயான் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனாள். அட்டையில் பூ வரைந்தது அவள்தான்.

எச்.எம். மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். குச்சி இன்னும் மேசை ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அட்டை போட்ட மூன்றாவது வாரம், "எங்க கிளாசுக்கும் ரெண்டு செஞ்சு குடுங்க டீச்சர், நொய்யு நொய்யுனு கேக்கறது நின்னிருக்கு" என்றார். செய்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் உட்காருவதில்லை, ஆபீஸ் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்கிறார். அதுவும் எனக்கு இப்போதைக்குப் போதும்.

தறி வீட்டு அக்கா சொன்னபடி சாப்பாட்டு வரிசையில் போய் நின்றேன். ஏழு பிள்ளைகள் எப்போதும் தூணுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை என்கிறார் ஆயா, அவர் சொல்வது உண்மைதான். வந்து ஒரு வாரம் வரை எனக்கு அது கண்ணிலேயே படவில்லை என்று எழுத வந்தேன், கணக்குப் பார்த்தால் இரண்டரை வருடம். இப்போது தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பந்தியில் உட்காருகிறேன், ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். என் பக்கத்தில் உட்காரப் போட்டி வருகிறது, அதில் வரிசை கலைகிறது. இதற்கு வீட்டுப் பக்கமிருந்து பேச்சு வரும் என்று தெரியும். வரட்டும்.

நோட்டில் நேற்று வந்தது ஒன்றுக்குத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்: 'பி.டி. பீரியடில் கணக்குப் போட வேண்டாம். எங்களுக்கு விளையாட்டு வேண்டும்.' விளையாட்டும் ஓய்வும் ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவில் இருக்கிறது, நான்தான் அந்தப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருந்தேன், தேர்வு நெருங்குகிறது என்று. அதைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். ஆனால் மைதானத்தில் பாதி சீமைக் கருவேலம், மீதியில் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வலப்பக்கம் நான் பதில் எழுத வேண்டும். முள்ளை வேரோடு எடுக்க ஊராட்சியில் யாரிடம் எப்படி மனு கொடுத்தால் சீக்கிரம் நடக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனுவைப் பிள்ளைகளே எழுதுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.